ஹாமுக்கு உப்பு பார்த்தவர்

நடந்தவை, வரிசையாக:

1. டிசம்பர் இருபத்து மூன்றாம் தேதி சாயங்காலம், நியூ மார்க்கெட் பக்கம் ஒரு கடையில் மூன்று கிலோ நூறு கிராம் எடையுள்ள ஹாம் வாங்கினேன். அதாவது உப்பில் பல நாள் ஊறிய பன்றித் தொடை. வேகவைக்காதது.
2. மறுநாள் காலை அதைத் தண்ணீரில் போட்டேன். இரண்டு முறை தண்ணீர் மாற்றினேன்.
3. கிறிஸ்துமஸ் அன்று காலை ஏழு நாற்பதுக்கு அடுப்பில் ஏற்றினேன்.
4. பத்து பத்துக்கு அம்மாவும் அப்பாவும் வந்தார்கள். நான் வரச் சொல்லியிருந்தது பன்னிரண்டரைக்கு.
5. பத்தே முக்காலுக்கு, ஹாமில் உப்பு அதிகமோ என்ற சந்தேகம் வந்தது.
6. பத்து ஐம்பத்தைந்துக்கு அப்பா ஒரு துண்டை வாயில் போட்டுப் பார்த்தார்.
7. பிறகு கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

ஏழாவது வரி விளங்க வேண்டுமானால் எங்கள் குடும்பத்தைப் பற்றிச் சொல்லவேண்டும்.

அம்மாவும் அப்பாவும் காளிகாட்டில் முப்பத்திரண்டு வருஷமாகக் குடியிருக்கிறார்கள். அப்பாவுக்குக் கிடர்பூர் துறைமுகத்தில் வேலை. கல்யாணமான கையோடு அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தவர், ஓய்வு பெற்ற பிறகும் இங்கேயே இருந்துவிட்டார். வீட்டில் முட்டை கூடக் கிடையாது. வெங்காயத்துக்கே கிழமை உண்டு. நான் பிறந்ததும் படித்ததும் இந்த ஊரில். ஜாதவ்பூரில் இன்ஸ்ட்ருமென்டேஷன் படித்தேன். இப்போது ஒரு தொழிற்சாலையில் வேலை. வெப்பமானி, அழுத்தமானி, எடைமேடை எல்லாம் சொல்வது உண்மைதானா என்று சரிபார்ப்பது என் பொறுப்பு.

கூடப் படித்தவரைத்தான் கல்யாணம் செய்துகொண்டேன். வங்காளிக் கிறிஸ்தவர். அம்மா தடுக்கவில்லை. பட்டுப்புடவை கட்டிக்கொண்டு ரிஜிஸ்டர் ஆபீசுக்கு வந்தாள், மாலை எடுத்துக் கொடுத்தாள், பிறகு நடந்த விருந்தில் ஒரு டம்ளர் தண்ணீர் மட்டும் குடித்தாள். அதற்குப் பிறகு இரண்டு தடவை எண்டாலியில் இருக்கும் என் மாமியார் வீட்டுக்குப் போயிருக்கிறாள். இரண்டு தடவையும் ஒரு ஆரஞ்சு. தோல் உள்ள பழத்துக்குத் தோஷமில்லை என்பது அவள் கணக்கு. யார் வீட்டுத் தட்டில் வைத்துக் கொடுத்தாலும் தானே உரித்துத் தின்னலாம். மாமியார் மீன் வறுவலையும் கட்லெட்டையும் எடுத்து உள்ளே வைத்துவிட்டு, அம்மா சுளை சுளையாகப் பிரித்துச் சாப்பிடுவதை எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார்.

அந்த வீட்டில் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் ஹாம் உண்டு. மேலே ஈச்சம்வெல்லப் பாகு பூசி, பளபளவென்று சிவக்க வைத்து, மேஜை நடுவில் வைப்பார்கள். இந்தத் தடவை நவம்பரில் மாமியார் குளியலறையில் வழுக்கி விழுந்தார். வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். அவர் பேசுவது வங்காளிதான். நான் தமிழில் எழுதுகிறேன்.

"பௌமா, இந்த வருஷம் நீ பண்றியா? ஒரு கையால என்னால அதைத் திருப்பக்கூட முடியாது."

மருமகளை அவர்கள் அப்படித்தான் கூப்பிடுவார்கள். நான் சைவம் என்பது அவருக்குத் தெரியும். என் வீட்டுக்காரருக்கு முட்டை வேகவைக்கத் தெரியும், அதுவும் பாதி நாள்தான். ஆகவே நான்தான் மிச்சம். சரி என்றேன்.

"எங்க வீட்டுல வேண்டாம், உன் வீட்டுலயே வெச்சுக்கலாம். உன் அப்பா அம்மாவையும் கூப்பிடு. ரெண்டு வருஷமா அவளுக்கு நான் ஆரஞ்சு மட்டும்தான் குடுத்திருக்கேன்" என்றார்.

அதை அவர் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் எனக்கு அன்றிலிருந்து வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. அம்மா அந்த மேஜையில் எல்லாரோடும் உட்கார்ந்து ஒரு வேளை சாப்பிட வேண்டும். ஹாம் நன்றாக வருவது அதற்கு அடுத்ததுதான்.

அம்மாவுக்குப் போன் செய்தேன்.

"ஹாம்னா என்னடி?"

சொன்னேன்.

"முழுசாவா?"

"தொடை மட்டும்."

"அதை மேஜை நடுவுல வெப்பேளா?"

"ஆமாம்மா. அதுதான் அவா வழக்கம்."

போனில் பின்னால் டிராம் மணி கேட்டது. "வரோம். சாப்பிடறதைப் பத்தி அப்பறம் பாக்கலாம்" என்று வைத்துவிட்டாள்.

என் பட்டியலில் எழுதிக்கொண்டேன்: அம்மா வருகிறாள். சாப்பாடு, நிலுவையில்.

பட்டியல் என்றால் ஒன்றில்லை, நான்கு. வாங்க வேண்டியவை, ஹாம் செய்முறை, சைவ சமையல், பாத்திரம். எங்கள் சமையலறையில் அசைவத்துக்கான பாத்திரங்களுக்கெல்லாம் பிடியில் சிவப்பு டேப் சுற்றியிருக்கும். அன்றைக்கு அது போதாது என்று தோன்றியது. ஒரே அடுப்பு என்பது அம்மாவுக்குப் பெரிய விஷயம். அதனால் இண்டக்‌ஷன் அடுப்பைத் தூக்கிக்கொண்டு போய்ப் படுக்கையறை மேஜைமேல் வைத்தேன். புலவு, கடலைப்பருப்பு, காலிஃப்ளவர் கறி, சேமியா பாயசம் நான்கையும் காலை ஐந்து மணிக்கே அங்கே முடித்துவிட்டேன். என் வீட்டுக்காரர் எழுந்தபோது தலைமாட்டில் பெருங்காயம் தாளிக்கும் சத்தம். "பண்டிகை நாள்ல நல்ல அலாரம்" என்று போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

ஹாம் செய்முறையை மாமியார் போனில் சொல்லச் சொல்ல மடிக்கணினியில் அடித்துக்கொண்டேன். ஊறவை, தண்ணீர் மாற்று, கொதி வந்ததும் தணலைக் குறை, உள்ளே வெந்ததும் எடு, தோலை உரி, கொழுப்பில் கட்டம் கட்டமாகக் கீறு, கட்டத்துக்கு ஒரு கிராம்பு குத்து, பாகு பூசி ஓவனில் வை. எல்லாவற்றுக்கும் எண் கொடுத்தேன், நேரம் கொடுத்தேன், டிகிரி கொடுத்தேன். பதினொரு படிகள். தண்ணீர் மாற்றுவதைச் சொன்னபோது நடுவில் "சேகே தேக்பே" என்றும் சொன்னார். வாயில் வைத்துப் பார் என்று அர்த்தம். அதை நான் எழுதவில்லை. கடைக்காரரும் அதையேதான் சொன்னார். "ரெண்டு தடவை தண்ணி மாத்துங்க, இல்லேன்னா மூணு. வாயில வெச்சா தெரிஞ்சுடும்." அதில் 'இரண்டு' மட்டும் என் பட்டியலில் ஏறியது.

ஏன் எழுதவில்லை என்று பிறகு யோசித்தேன். நான் அசைவம் சாப்பிடுவதில்லை என்பது பாதிக் காரணம்தான். எங்கள் வீட்டில் சமைக்கும்போது யாரும் ருசி பார்ப்பதில்லை. சுவாமிக்குக் காட்டுவதற்கு முன்னால் வாயில் வைத்தால் எச்சில். சாம்பாருக்கு உப்பு சரியா என்பதை அம்மா கொதிக்கும் வாசனையில் கண்டுபிடிப்பாள், இல்லாவிட்டால் கண்டுபிடிக்க மாட்டாள். இலையில் வந்து விழுந்த பிறகுதான் எல்லாருக்கும் தெரியும். இருபத்தெட்டு வயதுவரை நானும் அப்படித்தான் சமைத்திருக்கிறேன். 'ருசி பார்' என்று யாராவது சொன்னால், 'பார்த்துப் போ' என்பதைப்போல ஒரு வார்த்தையாகத்தான் என் காதில் விழும். செய்ய வேண்டிய வேலையாக விழாது. தொழிற்சாலையில் எந்தக் கருவியையும் சரிபார்க்காமல் கையெழுத்துப் போடமாட்டேன். சமையலறையில் அந்தப் பழக்கம் எனக்கு இல்லை.

ஒன்பதரைக்கு என் வீட்டுக்காரர் டாக்சியில் எண்டாலிக்குக் கிளம்பினார், தன் அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு வர. பத்து பத்துக்கு மணி அடித்தது. திறந்தால் என் அப்பா, கழுத்தில் மஃப்ளரோடு. அவர் எங்கே போனாலும் இரண்டு மணி நேரம் முன்னால்தான்.

"கப்பலுக்காக நாம காத்துண்டு இருக்கலாம். நமக்காகக் கப்பல் காத்துண்டு இருக்காது" என்றார். இந்த வாக்கியத்தைப் பள்ளிக்கூட நாள் முதல் கேட்டிருக்கிறேன்.

"இது கப்பல் இல்லப்பா, ஜாதவ்பூர்."

"ஆட்டோக்காரன் உடனே வந்துட்டானே, நான் என்ன பண்ண?"

பின்னால் அம்மா. கையில் துணிப்பை, பைக்குள் மூன்று அடுக்கு டிபன் கேரியர். அதைப் பார்த்ததும் எனக்குப் பாதி உற்சாகம் போய்விட்டது. கேரியரில் தயிர்சாதம் இருக்கும், ஊறுகாய் இருக்கும், சாப்பிடத் தனி அறை கேட்பாள். அம்மா சமையலறைப் பக்கம் தலையைத் திருப்பாமல் நேராகப் பால்கனிக்குப் போய், நாற்காலியை வெளிப்பக்கம் பார்க்கத் திருப்பிப் போட்டு, கேரியரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"படுக்கை ரூம்ல ஏண்டி சமையல் வாசனை?"

சொன்னேன். தனி அடுப்பு, தனிப் பாத்திரம், கரண்டி உட்பட.

"ராத்திரி தூங்கினியோ இல்லையோ?" என்றாள். அவ்வளவுதான். ஆனால் எழுந்து போய்ப் படுக்கையறையை ஒருமுறை எட்டிப்பார்த்துவிட்டு வந்தாள். மறுபடி உட்கார்ந்தபோது கேரியர் மடியில் இல்லை. நாற்காலிக் காலருகே தரையில் இருந்தது.

பத்தே முக்கால். ஹாமின் நடுவில் குத்தியிருந்த வெப்பமானி அறுபத்து நான்கு காட்டியது. என் கணக்கில் சரியான இடம். மூடியைத் திறந்தேன். ஆவி பால்கனிவரை போயிருக்கவேண்டும்.

"என்னடி அது, சமுத்திரம் கொதிக்கறாப்பல?" என்றாள் அம்மா, திரும்பாமலே.

"ஹாம்மா. உப்புல ஊறினதும்மா."

"ஊறினதுன்னா ஊறினதுதான். அதுக்காக இத்தனையா? உப்பு தூக்கலா இருக்கு. வாசனையே சொல்றது."

வாழ்நாளில் ஹாமை ஐந்தடி நெருங்காதவள் சொல்கிறாள். ஆனால் உப்பு விஷயத்தில் அம்மா மூக்கை நான் சந்தேகப்பட்டதில்லை. குடிதண்ணீரில் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்று பார்க்கும் பேனா மாதிரி ஒரு மீட்டர் எங்கள் வீட்டில் உண்டு. ஒரு கரண்டி நீரை ஆறவைத்து அதில் முக்கினேன். எண் ஏறிக்கொண்டே போய், தன்னால் அளக்க முடியாது என்ற குறியைக் காட்டி நின்றுவிட்டது. எல்லையைத் தாண்டிய கருவி பொய் சொல்வதில்லை. ஒன்றுமே சொல்வதில்லை.

மாமியாருக்குப் போன் செய்து ஸ்பீக்கரில் போட்டேன். டாக்சி பார்க் சர்க்கஸில் நெரிசலில் மாட்டியிருந்தது. ஹாரன் சத்தத்துக்கு நடுவில் அவர் கேட்டார்:

"வாயில வெச்சுப் பாத்தியா, இல்லையா?"

"இல்லம்மா."

"ஊறின தண்ணிலேர்ந்து எடுத்தப்போ?"

"அப்பவும் இல்ல."

"ஹே ஈஷ்வர்!" பின்னால் என் வீட்டுக்காரர் சிரிப்பது கேட்டது. "நீ ஏண்டா சிரிக்கறே? வீட்டை விட்டுக் கிளம்பறதுக்கு முன்னாடி நீயாவது பாத்திருக்கக் கூடாது? பௌமா, கேளு. உப்பு ஜாஸ்தின்னா தண்ணிய மாத்தணும். உப்பு சரியா இருந்து மாத்தினா ருசியெல்லாம் தண்ணியோட போயிடும். அதனால யாராவது ஒருத்தர் தின்னு பாக்கணும். வீட்ல யார் இருக்கா?"

நான் சுற்றிப் பார்த்தேன். நான் இருக்கிறேன். அம்மா இருக்கிறாள். அப்பா இருக்கிறார். எதிர்வீட்டுக்காரர்கள் பூரிக்கு யாத்திரை போயிருக்கிறார்கள். கீழ்வீட்டில் பூட்டு. மூன்று கிலோ ஹாம் வேகிற வீட்டில் அதைத் தின்று பார்க்க ஒரு ஆள் இல்லை.

"யாரும் இல்லம்மா" என்றேன். நெரிசலில் போன் அறுந்துவிட்டது.

நானே சாப்பிட்டுப் பார்க்கலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். முதல் தடவை ஹாம் தின்கிற எனக்கு, இது அதிக உப்பா, ஹாமுக்கு உள்ள உப்பா என்று எப்படித் தெரியும்? ஒப்பிட ஒன்றும் இல்லாதபோது அளந்து என்ன பயன்?

சோபாவில் அப்பா பேப்பரை மடித்து வைத்தார்.

"குடு. நான் பாக்கறேன்."

"அப்பா, இது..."

"தெரியும். குடு."

சிவப்பு டேப் சுற்றிய கத்தியால் ஓரத்தில் மெல்லியதாகச் சீவப் போனேன்.

"அங்க வேண்டாம். ஓரம் எப்பவும் உப்பாத்தான் இருக்கும். எலும்புப் பக்கமா, உள்ளேர்ந்து எடு. நாருக்குக் குறுக்கே வெட்டு."

எடுத்துக் கொடுத்தேன். அப்பா அதை ஊதி, வாயில் போட்டு, கண்ணை மூடி, அவசரமில்லாமல் மென்றார். வேஷ்டி, மஃப்ளர், நெற்றியில் விபூதி.

"தூக்கல்தான். ஆனா ஒண்ணும் கெட்டுப்போகலை. இந்தத் தண்ணியக் கொட்டிட்டு வேற வெந்நீர் ஊத்து. இன்னும் ஒரு மணி நேரம், மெல்லிசா. ரெண்டு உருளைக்கிழங்கைத் தோல் சீவிப் போடு. மேல பாகு பூசினா மிச்சம் சரியாயிடும். அந்தக் கிரேக்கக் கப்பல் சமையல்காரன் அப்படித்தான்..."

நின்றுவிட்டார்.

"எந்தக் கப்பல்?" என்றாள் அம்மா. எப்போது பால்கனியிலிருந்து எழுந்து வாசல்படியில் வந்து நின்றாள் என்று எங்கள் இருவருக்கும் தெரியாது.

இதுதான் ஏழாவது வரி.

நான் அடுப்பை அணைத்தேன். வெப்பமானியைக் கழுவினேன். கழுவ வேண்டிய அவசியம் இல்லை, இருந்தாலும் கழுவினேன். அப்பா மஃப்ளரைக் கழற்றி மடித்தார். மறுபடி பிரித்தார்.

"இல்ல, பேப்பர்ல கையெழுத்து வாங்கக் கப்பலுக்குள்ள போகணும். டிசம்பர்னா கேப்டன் சாப்பிடாம விடமாட்டான். மரியாதைக்காக..."

"எத்தனை மரியாதை?"

"ஒரு தடவை."

அம்மா புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"வருஷத்துக்கு ஒரு தடவை" என்றார் அப்பா. "நார்வேக் கப்பல் வந்த வருஷம் ரெண்டு."

அம்மா உள்ளே வந்தாள். சமையலறை வாசல்வரை வந்து, அப்பாவை மேலும் கீழும் பார்த்தாள். நான் கத்தியைத் துடைத்துக்கொண்டே நின்றேன். கேரியரைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவாள் என்றுதான் நினைத்தேன்.

"எனக்குத் தெரியும்" என்றாள்.

"என்ன தெரியும்?"

"வருஷம் பூரா வெத்தலை பாக்கு போடற மனுஷர். டிசம்பர்ல ஒரு நாள் மட்டும் வாய்ல கிராம்பை அடக்கிண்டு வருவேள். அன்னிக்கு ராத்திரி ரசம் வேண்டாம்பேள், மோர் வேண்டாம்பேள், வயிறு சரியில்லைம்பேள். அந்த வயிறு மறுநாள் கார்த்தால ஆறு இட்லி தின்னும். எனக்கு மூக்கு இல்லையா?"

அப்பா மஃப்ளரை மறுபடி மடித்தார். "தெரிஞ்சா கேக்க வேண்டியதுதானே?"

"கேட்டா பொய் சொல்வேள். பொய் சொல்ற மனுஷருக்குப் பக்கத்துல உக்காந்து நான் சாதம் போடணும். கேக்காட்டா சும்மா போடலாம். அதான் கேக்கலை."

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. அம்மா என் பக்கம் திரும்பினாள். "உனக்கு என்னடி சிரிப்பு? அடுப்பை அணைச்சுட்டு நின்னா தண்ணி தானா மாறுமா? சம்பந்தியாத்துக்காரா எல்லாரும் பசியோட வந்துண்டிருக்கா."

தண்ணீரை மாற்றினேன். கெட்டிலில் நான்கு தடவை வெந்நீர் போட்டு ஊற்றினேன். உருளைக்கிழங்கு இரண்டு. பன்னிரண்டு பத்துக்கு அப்பா மறுபடி ஒரு துண்டு சாப்பிட்டார், இந்தத் தடவை அம்மா முன்னாலேயே, நின்றுகொண்டே. "இப்ப சரி" என்றார். இன்னொரு துண்டு எடுக்கக் கை போனது.

"உப்பு பாத்தாச்சோல்லியோ?" என்றாள் அம்மா. கை திரும்பிவிட்டது.

தோல் ஒரே இழுப்பில் வந்தது. ஸ்கேல் வைத்து இரண்டு சென்டிமீட்டர் கட்டங்கள் கீறினேன். அப்பா கிராம்பு குத்தினார். பால்கனியில் உட்கார்ந்திருந்த அம்மா, "அதுல பழக்கம் உண்டே" என்று தெருவைப் பார்த்துச் சொன்னாள்.

பாகுக்கு மாமியார் சொன்னது மூன்று பொருள். குளிர்காலத்தில் மட்டும் கிடைக்கும் ஈச்சம்வெல்லப் பாகு, இங்கே அதை நொலேன் குர் என்பார்கள். காசுந்தி என்கிற கடுகு விழுது. ஒரு ஆரஞ்சின் சாறு. மூன்றும் நான் சாப்பிடுகிற பொருள்கள்தான். கலக்கிக் காய்ச்சி இறக்கியதும் ஒரு விரல் தொட்டு நாக்கில் வைத்தேன். சமைக்கும்போது ருசி பார்த்தது அதுதான் முதல் தடவை. யாரோ பார்க்கிறார்கள் என்று தோன்றித் திரும்பினேன். அம்மா பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

"கையை அலம்பு" என்றாள்.

அலம்பினேன். காசுந்தியில் ஏற்கெனவே உப்பு இருந்தது. ஹாமில் இருக்கும் உப்போடு இதுவும் சேர்ந்தால் அதிகம் என்று தெரிந்தது. இன்னும் இரண்டு கரண்டி வெல்லப்பாகும் பாதி ஆரஞ்சும் சேர்த்தேன். மறுபடி தொட்டேன், மறுபடி அலம்பினேன். முப்பத்தைந்து நிமிஷம் ஓவனில். பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை வெளியே இழுத்து ஒரு பூச்சு. கடைசிப் பூச்சில் வீடு முழுக்கப் பொங்கல் அன்று வெல்லம் காய்கிற வாசனை வந்தது. அம்மாவே மூச்சை ஒருமுறை இழுத்துவிட்டாள். பார்க்காத மாதிரி இருந்தேன்.

ஒன்றே காலுக்கு எண்டாலிக்காரர்கள் ஒருவழியாகப் பண்டிகை நெரிசலைத் தாண்டி வந்து சேர்ந்தார்கள். மாமியார், மாமனார், டாக்சியிலேயே பாதி பிளம் கேக்கைத் தின்றுவிட்ட என் வீட்டுக்காரர். மாமியார் கழுத்திலிருந்து தொங்கும் கட்டோடு நேராக ஹாமிடம் போனார். குனிந்து பார்த்தார்.

"கட்டமெல்லாம் ஸ்கேல் வெச்சுப் போட்டியா?"

"ஆமாம்மா."

"வரைபடம் மாதிரி இருக்கு." இடதுகையால் ஓரத்திலிருந்து ஒரு துணுக்கைப் பிய்த்து வாயில் போட்டார். "யார் உப்பு பாத்தது?"

"என் அப்பா" என்றேன்.

மாமியார் அப்பாவின் விபூதியைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். அம்மா தன் வங்காளியில், முப்பது வருஷம் காய்கறிக் கடைக்காரர்களோடு சண்டை போட்டுக் கற்ற வங்காளியில், அக்கா என்பதற்கு இங்கே சொல்லும் 'திதி' போட்டு நிதானமாகச் சொன்னாள்:

"பயப்படாதீங்க திதி. அவருக்குக் கப்பல்லயே பழக்கம்."

மாமனார் அப்பாவின் தோளில் தட்டினார். அப்பாவின் முகம் கிராம்பு நிறத்துக்கு வந்தது.

நான் இரண்டு ஏற்பாடு வைத்திருந்தேன். ஒன்று, ஆறு நாற்காலியும் ஒரே மேஜையில். மற்றது, அம்மாவுக்குப் படுக்கையறையில் சின்ன மேஜை, இலை, தனித் தண்ணீர். இலையை ஏற்கெனவே கழுவி வைத்திருந்தேன். அவளிடம் போய் மெதுவாகக் கேட்டேன். "அம்மா, உனக்கு உள்ள போட்டுடட்டுமா?"

அம்மா கேரியரை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"முப்பத்திரண்டு வருஷம் இவர் பக்கத்துல உக்காந்து சாப்பிட்டாச்சு. இந்த மேஜைல புதுசா எனக்கு என்ன ஆகிடப்போறது?" என்று தமிழில் சொல்லிவிட்டு, சாப்பாட்டு மேஜைக்குப் போனாள். எந்த நாற்காலி என்று ஒரு கணம் பார்த்தாள். ஹாம் இருந்த இடத்துக்கு எதிர்க்கோடியில், மாமியார் பக்கத்தில் உட்கார்ந்தாள். "அந்த இலையை இங்க கொண்டு வா" என்றாள்.

நான் படுக்கையறையிலிருந்து கொண்டுவந்த புலவு, பருப்பு, கறி எல்லாவற்றையும் போட்டுக்கொண்டாள். பருப்பில் உப்பு கம்மி என்றாள். அது உண்மை. கேரியரைத் திறந்து தயிர்சாதத்தை மேஜையில் வைத்தாள். என் மாமனார் அதில் ஒரு கரண்டி வாங்கி ஹாமோடு சேர்த்துச் சாப்பிட்டு, இரண்டும் நன்றாகப் பொருந்துகிறது என்று சொன்னபோது அம்மா மட்டும் ஜன்னலைப் பார்த்தாள். அப்பா ஹாம் இரண்டு துண்டு சாப்பிட்டார். கிராம்பைப் பொறுக்கித் தட்டின் ஓரத்தில் வைத்தார். அம்மா அதைப் பார்த்தாள்.

கடைசியில் ஆரஞ்சுத் தட்டை வைத்தேன். மாமியார் பழக்கப்படி ஒன்றை எடுத்து அம்மாவுக்கு நீட்டினார். நீட்டிய கை இடதுகை. வலதுகையில் கட்டு. அம்மா வாங்கிக்கொண்டாள், உரித்தாள், நாரைச் சுத்தமாக எடுத்தாள், சுளைகளை மாமியாரின் தட்டில் வரிசையாக வைத்தாள். பிறகு தனக்கு இன்னொன்று எடுத்துக்கொண்டாள்.

இப்போதைய நிலைமை: மாமியாரின் கட்டு ஜனவரியில் பிரித்தாயிற்று, கை நன்றாக இருக்கிறது. அடுத்த கிறிஸ்துமஸும் எங்கள் வீட்டில்தான் என்று முடிவாகிவிட்டது. அம்மா மாதத்துக்கு ஒரு ஞாயிறு வருகிறாள், எல்லாரோடும் மேஜையில் சாப்பிடுகிறாள், சமையலறைக்குள் இன்னும் வருவதில்லை. நான் இன்னும் ஹாம் சாப்பிட்டதில்லை. செய்முறைப் பட்டியலில் இப்போது பன்னிரண்டு படிகள் இருக்கின்றன. புதியது நான்காவது: அடுப்பில் ஏற்றுவதற்கு முன் சின்னத் துண்டு வெட்டி, வேகவைத்து, உப்பு பார்க்கவும். எதிரில் அப்பாவின் பெயர் இருக்கிறது.